கணக்கேடும் நம் மக்களும்



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் கேட்டபோது, தலைவர்களின் வரலாற்றையோ போராட்டங்களின் வரலாற்றையோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத் தக்கார் இம்மலரிலேயே பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டது சிறிய பொருள். ஆயினும் நம் ஒவ்வொருவர் வீட்டு மாடத்திலும் கிடக்கும் பொருள். அதுதான் கணக்கேடு.

நாம் வணிகவியல் பயின்றவர் அல்லோம். வரலாறு பயின்று பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்தவர். வேலைக்குக் காத்திருந்த காலத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றில் மாலை வேளைகளில் கணக்கியலும் பயின்று, அரசு தொழில்நுட்பத் தேர்வில் இளநிலைத் தேர்ச்சி பெற்றோம். பின்னாளில் தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குரிய துறைத் தேர்வுகளில் கணக்குத் தேர்வும் ஒன்றாக வந்து நின்றபோது அப்பயிற்சி கைகொடுத்தது. இவ்வளவே நம் தகுதி. இதை வைத்துக்கொண்டுதான், மேல்நிலை முதலாண்டில் கணக்குப் பதிவியல் எடுத்துத் திணறும் நம் பிள்ளைகளுக்குச் சங்கக் கட்டடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் அடிப்படைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அவ்வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளே நம்மை இந்த வரலாற்றின் பக்கம் திருப்பின.

நம் ஊர்ப்புறங்களில் கணக்கு எழுதியவர் யார்? அதனைக் கற்றவர் யார்? இக்கேள்விகளிலிருந்து தொடங்குவோம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடந்த காலத்தில் பிள்ளைகள் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகியவற்றை மனப்பாடம் செய்தனர். அரை, கால், வீசம், மா, காணி என்று இறங்கி, ஒன்றை 320 கூறிட்ட ஒரு பங்காகிய முந்திரி வரையில் வாய்ப்பாடாகச் சொல்லுவர். இன்றைய பிள்ளைகள் கைக்கணிப்பானில் தட்டிப் பார்ப்பதை அன்றைய சிறுவன் வாயால் சொன்னான். அத்திண்ணையில் நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆயினும் அவர்களுக்கு அளவு தெரியாதிருந்ததில்லை. 8 படி கொண்டது ஒரு மரக்கால், 12 மரக்கால் கொண்டது ஒரு கலம் என்பதைக் களத்துமேட்டில் நின்றவர் எவரும் பள்ளிக்குப் போய்க் கற்கவேண்டியதில்லை. நெல்லை விளைவித்து அடித்துத் தூற்றிக் குவித்தவர் நம்மவர். அந்த நெல்லை எழுதிய கை மட்டும் வேறு.

ஊர்க்கணக்கும் அவ்வாறே. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை, எந்தப் போகத்தில் என்ன பயிர் என்பவற்றை அடங்கலிலும் சிட்டாவிலும் எழுதியவர் கர்ணம். அப்பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு என்று வந்தது. 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அவ்வழக்கத்திற்குச் சட்டத்தின் உறுதியையும் தந்தது. அதே கிராம நிருவாகத்தில் வெட்டியானாக நம்மவரும் இருந்தனர். ஜமாபந்தி நாளில் கர்ணத்தின் கணக்குக் கட்டைத் தலையில் சுமந்து தாலுகா கச்சேரிக்கு நடந்தவர் அவரே. தம் தலைமேல் இருந்த கட்டில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் அறியார்.

வணிகக் கணக்கு வேறொரு வேலிக்குள் இருந்தது. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், நாள்தோறும் குறிப்பெழுதிப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை எடுக்கும் கலையில் வல்லவர். பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழையும் சிறுவன் வேலையூடே கற்று மேலாள் நிலைக்கு உயர்வான். அவர்களின் கணக்கு நேர்த்தியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதனைக் கற்கும் வழி கடைக்குள் இருந்தது, கடைக்குள் நுழையும் வழி பிறப்பில் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

நிற்க. இன்று பள்ளிப் பாடநூலில் உள்ள இரட்டைப் பதிவு முறை நம் நாட்டுக் கடைகளிலிருந்து நேரே வந்ததன்று. ஐரோப்பிய வணிகத்தின் வழியாக ஆங்கிலப் பாடநூல்களில் ஏறி இங்கு வந்தது. 1494-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்னும் கிறித்தவத் துறவி அச்சிட்ட கணித நூலில் ஒரு பகுதி, அந்நகர வணிகர் கணக்கெழுதும் முறையை விளக்கியது. அவர் அம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர்; வணிகரின் வழக்கில் இருந்ததை எவரும் கற்கும்படி நூலாக்கியவர். நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என மூன்று ஏடுகளை அவர் கூறுகிறார். முதலாவதாகிய நினைவேட்டில், முதலாளி இல்லாத வேளையில் அவருடைய பணியாளரும், எழுதத் தெரிந்தால் வீட்டுப் பெண்களும்கூட அன்றன்றைய நடப்பை எழுதலாம் என்பது அவர் சொன்ன முறை. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அப்படியானால் பேரேட்டை யார் எழுதினார்கள் ஐயா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நடந்ததை எழுதுவது ஒன்று. அதனை யார் பெயரில், எந்தப் பக்கத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்வது மற்றொன்று. இரண்டாவதில்தான் அதிகாரம் இருக்கிறது.

இக்கல்வி பள்ளிக்கூடத்திற்குள் வந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1886-இல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளியொன்றைத் தொடங்கினர். நாட்டின் வணிகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குவர். அந்த அறக்கட்டளையின் கல்விக்கூடங்களில் நெடுங்காலம் நம் பிள்ளைகளுக்கு இடமில்லாதிருந்ததை அவ்வரலாறுகள் பெரும்பாலும் சொல்லுவதில்லை. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில், வாங்கிய சிறு கடனுக்கு ஈடாகத் தம் உழைப்பையே எழுதிக்கொடுத்து வாழ்நாள் முழுதும் கட்டுண்டு கிடந்தவர்களைப் பற்றிக் கூறினார். அதன் பயனாக 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை வந்தது. கடனையும் நிலத்தையும் கல்வியையும் பற்றிய பேச்சு ஒரே மூச்சில் எழுந்ததைக் காண்க.

அந்தத் தலைமுறையிலேயே கணக்கேட்டைக் கையில் எடுத்த ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இரட்டைமலை சீனிவாசனாரை ‘பறையன்’ இதழின் ஆசிரியராகவும், அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவராகவும் அறிவோம். 1893-இல் இதழ் தொடங்குவதற்கு முன் அவர் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றியவர். தாமே பத்திரிகை நடத்தி, சந்தா வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, சபை ஒன்றையும் கட்டி எழுப்பியவருக்கு அந்தக் கணக்கர் பணி பயன்படாமல் போயிருக்குமா? நம் இளைஞர்கள் அவர் படத்துக்கு மாலையிடும்போது பேனாவோடு பேரேட்டையும் நினைத்துக்கொள்ளட்டும் என்பது நம் ஆசை.

அண்ணல் அம்பேத்கரையும் நாம் சட்ட மேதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் முதலில் கற்றது பொருளியல். 1915-இல் கொலம்பியாவில் அவர் முதுகலைப் பட்டத்திற்கு எடுத்துக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகமும் நிதியும். 1923-இல் வெளிவந்தது ரூபாயின் சிக்கல் பற்றிய நூல். 1925-இல் வந்தது மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல். மூன்றும் பிறர் எழுதி வைத்த கணக்கை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்ததன் விளைவு என்று சொன்னால் பிழையாகாது. 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவர் ஆசிரியர் அறைத் தண்ணீர்க் குடத்தைத் தொட்டதற்குச் சக ஆசிரியர் சிலர் முகம் சுளித்ததும் அங்கேதான். பின்னர் 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கணக்கு கற்கவந்த மாணவர் முன்னே அவர் நின்ற அந்த மூன்றாண்டுகளுக்கு இடையில்தான் 1927-இல் மகாடு குளத்துப் போராட்டம் நடந்தது. கல்விக்கூடத்தின் கரும்பலகையும் பொதுக் குளத்தின் நீரும் ஒரே மனிதரின் ஒரே காலப் பணிகளாக இருந்தன.

தமிழ்நாட்டில் பிற்காலத்து மாற்றங்கள் பலவற்றை நம் பெரியோர் நேரில் கண்டனர். 1920 முதல் தொழிலாளர் ஆணையரின் துறை நம் மக்களுக்கெனப் பள்ளிகள் நடத்தியது. வீட்டுமனை வாங்கக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. பதினோராம் வகுப்போடு பள்ளியிறுதி முடிந்த காலத்தில் சில உயர்நிலைப் பள்ளிகளில் செயலகப் பயிற்சி என்னும் பிரிவில் கணக்கேடு எழுதவும் தட்டச்சும் கற்பித்தனர். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் வணிகவியல், கணக்குப் பதிவியல் ஆகியன ஊர்ப்புற அரசுப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. ‘கணக்கு வராதவனுக்குக் கணக்குப் பதிவியல்’ என்று அப்பிரிவைச் சில ஆசிரியர்களே கேலி பேசியதுண்டு. அக்கேலியில் பொருளில்லை. கணக்குப் பதிவியலுக்கு வேண்டிய கணிதம் கூட்டலும் கழித்தலும் விழுக்காடும்தான். அதற்கு மேல் வேண்டுவது நேர்மையும் பொறுமையும்.

கர்ணம் பதவியின் கதையும் ஒருவாறு முடிந்தது. பரம்பரையின் பேரால் கிராமப் பதவி தருவது அரசியலமைப்புக்கு முரண் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. அந்த ஒழிப்பு செல்லும் என 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் கிராம நிருவாக அலுவலர் தேர்வாணையத் தேர்வின் வழியே வரத் தொடங்கினார். கணக்குக் கட்டைச் சுமந்தவரின் பேரன் அக்கணக்கைத் திறந்து கையெழுத்திடும் அலுவலரானதை நம் வட்டாரத்திலேயே கண்டிருக்கிறோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, வாசிப்போர் அறிவர்.

இனி நம் வீட்டுக் கதை ஒன்று. சொல்லத் தயங்கினோம்; ஆயினும் இதைச் சொல்லாமல் நம் வகுப்பில் கணக்கை ஏன் இப்படிக் கற்பிக்கிறோம் என்பது விளங்காது.

நம் தந்தையார் ஒரு நிலக்கிழாரிடம் பண்ணையாளாக இருந்தார். நம் அத்தையின் திருமணத்திற்கு 300 ரூபாயும் 2 கலம் நெல்லும் வாங்கியது தொடக்கம். அவருக்கு எழுதத் தெரியாது. வேலை செய்த நாட்களைக் குடிசையின் உட்சுவரில் கரிக்கோடாக இழுத்து வைப்பார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவார். ஒவ்வோராண்டும் பொங்கலுக்கு வீட்டிற்குச் சுண்ணாம்பு அடிக்கையில் அம்மா அதன்மேலேயே பூசிவிடுவார். ஆண்டுக் கணக்கு அத்தோடு போயிற்று. நிலக்கிழாரின் பேரேட்டுக்குச் சுண்ணாம்பு இல்லை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்து 1976-இல் நாடாளுமன்றச் சட்டமானது. நமக்கு அப்போது வயது ஏழு. வருவாய்த் துறையினர் ஊருக்கு வந்தனர். நிலக்கிழார் பேரேட்டை விரித்தார். கூட்டல் சரியாக இருந்தது. தந்தையாரின் பக்கத்தில் கடன் தீரவேயில்லை, வளர்ந்திருந்தது. வந்த அலுவலர் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. “இவர் மனைவி களை பறித்தது எந்தப் பக்கத்தில்? இவர் மூத்த மகன் மாடு மேய்த்தது எந்தப் பக்கத்தில்?” என்று கேட்டார். அப்படி ஒரு பக்கம் அதில் இல்லை. அச்சட்டத்தின்படி, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று உழைப்பாளி சொன்னால், அது அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். பேனா யார் கையில் இருந்தது என்பதைச் சட்டம் எழுதியவர் அறிந்திருந்தனர். தந்தையார் அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு என்றொரு பாடம் உண்டு. பேரேட்டின் பற்று இருப்புகளையும் வரவு இருப்புகளையும் தனித்தனியே கூட்டினால் இரண்டும் சமமாக வரவேண்டும். சமமாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று மாணவர் நினைக்கின்றனர். அஃது அவ்வாறன்று. ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டுவிட்டால் இருபக்கமும் ஒருசேரக் குறையும். இருப்பாய்வு சமமாகவே நிற்கும். இதற்கு விடுபிழை என்று பெயர். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வரும் இதனை நாம் ஒரு முழு மாலை நடத்துவோம். நம் அன்னையார் களை பறித்த நாட்கள் முழுவதும் ஒரு விடுபிழை. அந்தப் பேரேடு அதனால் ஒரு காசும் பிசகவில்லை.

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். பாடநூல் மூன்று விதிகளோடு தொடங்கும். ஆள்சார் கணக்கில் பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய். சொத்துக் கணக்கில் உள்வருவதைப் பற்று செய், வெளிச்செல்வதை வரவு செய். பெயரளவுக் கணக்கில் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. பிள்ளைகள் இதனைச் செய்யுள் போல் ஒப்பிப்பர். ஆனால் முதல் கணக்கிலேயே இடறுவர். ‘பணம் வந்தது’ என்றால் வரவுதானே? வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம்? பாடநூல் ஏன் ரொக்கக் கணக்கைப் பற்று செய்யச் சொல்கிறது? இவ்விடத்தில் ‘விதியை மனப்பாடம் செய்’ என்று அதட்டும் ஆசிரியர், அப்பிள்ளையை அன்றோடு இழந்துவிடுகிறார்.

நாம் விதியிலிருந்து தொடங்குவதில்லை. மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுவோம். நம் குடியிருப்பில் அந்நோட்டு இல்லாத வீடு அரிது. அதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி, எண்ணெய், பருப்பு என்று பற்று 340 ரூபாய், சனிக்கிழமை கூலி வந்ததும் கொடுத்தது வரவு 200 ரூபாய், நிலுவை 140. “இது யாருடைய கணக்கேடு?” என்று கேட்போம். “எங்களுடையது, எங்கள் வீட்டில் இருக்கிறது” என்பர். “எழுதியது யார்?” கடைக்காரர். “பற்று என்று யார் பெயரில் எழுதியிருக்கிறது?” அம்மா பெயரில். அம்மா பெற்றுக்கொண்டார், ஆகவே பற்று. அம்மா 200 தந்தார், ஆகவே அம்மா பெயரில் வரவு. ஆள்சார் கணக்கின் விதி முழுவதும் அந்த அழுக்கு நோட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது கடைக்காரரின் கண் வழியே பார்த்த கணக்கு. நம் வீட்டில் இருந்தாலும் அவருடைய ஏடு.

அடுத்து, “இப்போது அம்மாவின் ஏட்டை நீ எழுது” என்போம். அங்கே கணக்கின் தலைப்பு கடைக்காரரின் பெயர். அவர் 340-க்குச் சரக்கு தந்தார், ஆகவே அவருக்கு வரவு 340. அவர் 200 பெற்றார், ஆகவே பற்று 200. நிலுவை அதே 140, ஆனால் இப்போது வரவுப் பக்கத்தில். தொகை மாறவில்லை, பக்கம் மாறிவிட்டது. இவ்விரண்டு ஏடுகளையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டும்போது வகுப்பில் ஓர் அமைதி உண்டாகும். அந்த அமைதிக்காகவே நாம் இத்தனை ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து வருகிறோம்.

ரொக்கச் சிக்கலுக்கு நாம் கண்ட வழி எளியது. பணப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள் என்போம். பெட்டி பணத்தைப் பெற்றுக்கொண்டது. பெற்றவரைப் பற்று செய். பெட்டி பணத்தைத் தந்தது; தந்தவரை வரவு செய். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் நாம் கட்டிய பணம் ஏன் வரவு என்று அச்சாகி வருகிறது என்பதற்கும் விடை இதிலேயே உண்டு. அது வங்கியின் ஏடு. அங்கே தந்தவர் நாம். நம் ஏட்டில் அதே தொகை வங்கியின் பெயரில் பற்று. இதனைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, பின்னால் வரும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் பாதி முடிந்தது போலத்தான்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின் மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் தாய்மாரின் கையில் முதன்முறையாக ஏடுகளைக் கொடுத்தன. தீர்மான ஏடு, ரொக்க ஏடு, சேமிப்பும் கடனும் எழுதும் பேரேடு என்று குழுவுக்குக் குழு இருக்கின்றன. எழுதுவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் மகளோ மகனோதான். அவர்களுள் சிலர் நம் வகுப்பு மாணவர். பாடநூலின் ‘திருவாளர் இராமு’வின் வியாபாரத்தைவிட இக்குழுக் கணக்கு அவர்களுக்கு எளிதில் ஏறுகிறது.

இப்போது வேறு வகைக் கடன்களும் தெருவுக்குள் வந்துவிட்டன. வாரத் தவணை அட்டையில் வசூலிக்க வருபவரே எழுதிக் கையெழுத்திட்டுப் போகிறார். சில கடன்களில் கைப்பேசிச் செய்தி மட்டுமே சான்று. ஒரு மாலை நாம் கொடுத்த பயிற்சி இது: கடன் 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ஆண்டு வட்டி 1,200-ஐச் சேர்த்து 12 சம தவணைகள். வட்டி என்ன என்றால் எல்லாரும் 12 விழுக்காடு என்றனர். ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே வருகிறதே, வட்டி மட்டும் ஏன் முழு 10,000-க்கும் ஓடுகிறது என்று மாதவாரியாக எழுதச் சொன்னோம். ஆண்டு முழுவதும் சராசரியாக நம் கையில் இருந்த கடன் ஏறத்தாழ 5,400 ரூபாய்தான் என்று கண்டனர். அதற்கு 1,200 வட்டி என்றால் விழுக்காடு 21-க்கும் மேல். அடுத்த வாரம் மூன்று தாய்மார் தம் தவணை அட்டைகளோடு வகுப்புக்கே வந்துவிட்டனர். பின்வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தோம்.

வெள்ளி விழா மலரில் நம் சங்கத்தின் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விடுவது மற்றொரு விடுபிழை ஆகும். ஆகவே நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம்.

சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் நாம் பொருளாளராக இருந்தோம். ஓராண்டு பொதுக்குழுவுக்கு முந்தைய இரவு பெட்டியை எண்ணியபோது ரொக்கம் ஏட்டைவிட 90 ரூபாய் குறைந்திருந்தது. இருமுறை எண்ணினோம்; காரணம் அகப்படவில்லை. முன்னரே ஓரிருவர், ‘படித்தவர் கையில் பணம் போனால் இப்படித்தான்’ என்று பேசத் தொடங்கியிருந்த நேரம். நாம் செய்தது தவறு என்று இன்று அறிவோம். நம் சட்டைப்பையிலிருந்து 90 ரூபாயை எடுத்துப் பெட்டியில் வைத்தோம். எவரிடமும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. பொதுக்குழுவில் கணக்கு சரியாக இருந்தது. எல்லாரும் கைதட்டினர்.

ஆண்டுகள் சென்றபின், பிழைத்திருத்தம் என்னும் பாடத்துக்குப் பயிற்சியாகச் சங்கத்தின் பழைய ஏடுகளையும் செலவுச் சீட்டுக் கட்டுகளையும் மாணவர்க்குப் பிரித்துக் கொடுத்தோம். ஒரு மாணவி எழுந்தாள். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் வாங்கிய சீட்டில் 540 ரூபாய். ரொக்க ஏட்டில் 450. “இலக்கம் மாறி விழுந்திருக்கிறது ஐயா. வித்தியாசம் 90, ஒன்பதால் வகுபடுகிறது. ஆனால் இருபக்கமும் 450 என்றே ஏறியிருப்பதால் இருப்பாய்வில் தெரியாது” என்றாள். நாம் கற்பித்த பாடம்தான். பிறகு அவள் கேட்டாள்: “பெட்டியில் 90 குறைந்திருக்க வேண்டுமே ஐயா. குறையவில்லையே, எப்படி?”

வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தனர். நடந்ததைச் சொன்னோம். சிலர் நம்மைப் புகழ வாயெடுத்தனர். அந்த மாணவி மட்டும், “நீங்கள் வைத்த 90 எந்த ஏட்டிலும் இல்லையே ஐயா” என்றாள்.

அடுத்த செயற்குழுவில் அவளே திருத்தப் பதிவை வாசித்தாள். குறிப்பேடுகள் வாங்கிய செலவுக் கணக்கு பற்று 90. முன்னாள் பொருளாளர் கணக்கு வரவு 90. பின்னர் முன்னாள் பொருளாளர் கணக்கு பற்று 90. ரொக்கக் கணக்கு வரவு 90. தலைவர் பெட்டியிலிருந்து 90 ரூபாயை எடுத்து நம்மிடம் நீட்டினார். வேண்டாம் என்றோம். வேண்டாம் என்றால் நன்கொடை என்று எழுதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும் என்றாள் அவள். பணத்தைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டோம். அந்தச் சீட்டு சங்க அலுவலகத்தில் அவ்வாண்டின் கட்டில் இருக்கிறது. விரும்புவோர் ஞாயிறு மாலையில் வந்து பார்க்கலாம்.